மாரிவோனுக்கு எந்த நிறம்

மார்ச் 3, ஞாயிறு

மாரிவோன் தீவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. படகில் எல்லாரும் வாந்தி எடுத்தோம், இவரைத் தவிர. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தீவு கண்ணில் பட்டதும் "பாரு செண்பா, நம்ம ஊரு துண்டு!" என்று கத்தினார். படகோட்டி திரும்பிப் பார்த்தான். அறுபத்தெட்டு வயதுக்குக் கொஞ்சம் அதிகப்படியான சத்தம்தான்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் நான் எழுதி வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் யாராவது ஒருத்தர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் கிடக்கிற எரிமலைத் தீவு இது. என் கணவர் தாயுமானவன் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். இளமையில் இங்கே வந்தபோது ஓர் ஓடையில் சார்னோகைட் கல் ஒன்றைக் கண்டு உடைத்து எடுத்து வந்தார். நம் பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தக் கல்தான். கடலடியிலிருந்து பொங்கி எழுந்த தீவில் அது இருக்கவே கூடாது. இருக்கிறது என்றால், இந்தியா பிய்த்துக்கொண்டு வடக்கே போனபோது விட்டுப்போன துண்டு ஒன்று இந்தத் தீவுக்கு அடியில் இருக்கிறது என்று அர்த்தம். கல்லின் வயதை என் ஆய்வுக்கூடத்தில் நான்தான் கணித்தேன். பல்லாவரத்துக் கல்லோடு நகல் எடுத்த மாதிரி பொருந்தியது. இதைச் சொல்லி இவர் வாங்கிய கேலி கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது பன்னாட்டுக் குழு ஒன்று புது வரைபடம் போடுகிறது. மாரிவோன் இந்தியாவைச் சேர்ந்தது என்றால் பச்சை, ஆப்பிரிக்கா என்றால் பழுப்பு, எந்தக் கண்டத்தையும் சேராதது என்றால் வெள்ளை. இரண்டு பேர் வந்து பார்த்து, ஒரே முடிவில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இவர். இன்னொருவர் மடகாஸ்கர்க்காரர் ரவேலோ, ஆப்பிரிக்காக் கட்சி. படகு இரண்டு வாரத்தில் திரும்பி வரும். அதற்குள் அந்தக் கல் எந்தப் பாறையிலிருந்து உடைந்து வந்தது என்று இவர் காட்டியாக வேண்டும். இடம் எங்கேயும் குறித்து வைக்கப்படவில்லை. "என் தலைக்குள்ள இருக்கு" என்பார்.

சாப்பிடும்போது ரவேலோவிடம் இரண்டு தடவை தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பயணக் களைப்பு.

மார்ச் 4, திங்கள்

நாங்கள் தங்கியிருப்பது மதாம் சுப்பயாவின் வீட்டில். அறுபதைத் தொட்ட பெண். கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் போய்விட்டது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரியோலும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவாள். அவளுடைய பேச்சையும் ரவேலோவின் ஆங்கிலத்தையும் இதில் தமிழாக்கியே எழுதுகிறேன்.

காலையில் மேற்கு ஓடை. "இங்கதான்" என்றார் இவர். எரிமலைக் கருங்கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு தெற்கு ஓடை. "இங்கதான், நல்லா ஞாபகம் இருக்கு, ஒரு பெரிய மாமரம் இருந்துச்சு." மாமரம் இல்லை. மூன்றாவது இடத்திலும் அதையே சொன்னபோது ரவேலோ தன் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புயல் அடிக்கும் ஊர். மரமெல்லாம் அப்படியே நிற்குமா? அதைத்தான் நான் ரவேலோவிடமும் சொன்னேன்.

சாக்ஸ் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

மழை. சாக்ஸ் காயவில்லை.

மார்ச் 7, வியாழன்

ரவேலோ நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தொலைக்கலாம். இன்று நடந்துகொண்டே "புரொபசர், அன்றைக்கு நீங்கள் எந்தப் படகுத் துறையில் வந்து இறங்கினீர்கள்?" என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் "வடக்குத் துறை" என்றேன் நான். அன்று நான் குரோம்பேட்டை வீட்டில் இருந்தேன், துறையைக் கண்டதில்லை.

"நான் புரொபசரைக் கேட்டேன், மேடம்."

"எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே ஞாபகம்தான்" என்று சிரித்தேன். இவரும் சிரித்தார். ரவேலோ சிரிக்கவில்லை.

பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுதப் போவதில்லை.

மார்ச் 8, வெள்ளி

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் கிளம்பிப் போயிருந்தார். பூட்ஸ் ஒன்று கட்டிலடியிலேயே கிடந்தது. ஓடைப் பக்கம் ஓடினேன், கடற்கரைக்கு ஓடினேன். கால் வலியில் அழுகை வந்துவிட்டது. கால் வலியில்தான்.

ரவேலோதான் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இவர் பாதையோரம் கல்மேல் உட்கார்ந்திருந்தாராம், ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் செருப்பு. இவரைக் கேட்டால் "பல்லாவரம் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்னு இவரைக் கேட்டேன், தெரியலைங்கறார்" என்று ரவேலோவைக் காட்டினார்.

"சர்க்கரை இறங்கியிருக்கும்" என்றேன்.

"இருக்கலாம்" என்றார் ரவேலோ.

இவருக்குச் சர்க்கரை கிடையாது. ரவேலோ ஒரு மின்னஞ்சல் தட்டினால் போதும். பேராசிரியருக்கு உடல்நிலை சரியில்லை, அவர் வாதத்தை விட்டுவிடுங்கள் என்று குழு ஒரு வரியில் முடித்துவிடும். ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சொன்னதை அப்படியா முடிப்பது? தப்பு என்றால் கல்லைக் காட்டித் தப்பு என்று சொல்லட்டும்.

மார்ச் 9, சனி

இன்று எங்கேயும் போகவில்லை. இவருக்கு நகம் வெட்டிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

பழைய தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகள், லயன்கள், இருந்த மேட்டுக்குப் பின்னால், புதர் மூடிய ஓடைப் பள்ளத்தில். யாரும் சொல்லாமல் இவராகவே நேராக நடந்தார். மாமரத்தின் அடிமரம் மட்டும் நின்றது. அதற்குக் கீழே சேற்றில் பாதி புதைந்து, கருநீலமாக, எண்ணெய் தடவிய மினுக்கத்தோடு கிடந்தது. எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பார்த்த கல் அல்லவா.

"செண்பா! நான் சொல்லல? நான் சொல்லல?" குழந்தை மாதிரி குதித்தார். நான் அழுதேன். அழுததை எழுத வெட்கப்படவில்லை.

எங்கள் தொழில் வழக்கப்படி, இவர் சுத்தியலால் வெயிலும் மழையும் தின்ற மேல்தோலைத் தட்டி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் புதுக்கல்லை மட்டும் எடுத்து ரவேலோவிடம் நீட்டினார். ரவேலோ லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "சார்னோகைட்" என்றார். அவர் முகம் வாடிப்போனது. அவருக்கும் இது பல வருஷத்து வாதம். "பாறையோடு சேர்ந்து இல்லையே, தனியாகத்தானே கிடக்கிறது?" என்றார்.

"ஒரே ஒண்ணா இருக்கு? பாருங்க, அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. மேல எங்கியோ தாய்ப்பாறை இருக்கு" என்றார் இவர்.

தட்டி எறிந்த மேல்தோலில் இரண்டு கை அகலத்துக்குப் பெரிய துண்டு ஒன்று விழுந்திருந்தது. நினைவுக்கு இருக்கட்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் பழைய டூத்பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்துக் கழுவினேன். ஒரு முகம் தட்டையாக இருந்தது. இயற்கையில் தட்டையான கல் கிடையாதா என்ன. இருக்கிறது.

துவாலையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். தலைவலி.

மார்ச் 11, திங்கள்

இவர் அறிக்கைக்கு வாசகம் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. இப்படித் தெளிவாக இவர் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மத்தியானம் பாட்டு வேறு.

சமையலறைக்குப் போனேன். மதாம் சுப்பயா மிளகாயும் பூண்டும் அரைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அம்மியைக் கறிக்கல் என்கிறார்கள். குழவியைக் குழந்தை என்கிறார்கள். நம் குழவி என்ற சொல்லுக்கும் குழந்தை என்றுதானே அர்த்தம். அவளுடையது தீவின் கருங்கல்லில் செய்தது, ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"எப்போதும் இந்தக் கல்தானா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இருக்கிறது.

"இது எங்கப்பா செஞ்சது. முதல்ல வந்தவங்க ஊர்லேருந்து கொண்டு வந்தாங்களாம். கறுப்பா, நல்ல கல்லு. புருஷன் துணிமூட்டை, பெண்டாட்டி கல்லு. கப்பல்காரன் திட்டினாலும் விடலையாம். அந்த லயன்ல வீட்டுக்கு வீடு இருந்துச்சு. தேஞ்சு உடைஞ்சா பின்னாடி பள்ளத்துல போட்டுடுவாங்க."

அவள் அரைத்துக்கொண்டே இருந்தாள். நான் மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். நேற்றுக் கழுவிய துண்டின் தட்டையான முகத்தில் உளிக் குழிகள் இருக்கின்றன. வரிசை வரிசையாக, நடுவில் தேய்ந்து, ஓரத்தில் ஆழமாக. எங்கள் தெருவில் அம்மி கொத்துகிறவர் வந்தால் வாசலில் உட்காரவைத்துக் கொத்தி வாங்குவேனே, அதே கொத்து. சந்தேகமே இல்லை. நேற்றே இல்லை.

இவர் ஆயுள் முழுக்கக் கல்லை உடைத்தவர். ஒரு நாளாவது சட்னி அரைத்தவர் அல்ல. அப்படியே கண்ணில் பட்டிருந்தாலும், தொழில் வழக்கம் என்று மேல்தோலைத் தட்டி எறிந்தாயிற்று. உள்ளே இருந்தது சுத்தமான பல்லாவரம். நகல் எடுத்த மாதிரி ஏன் பொருந்தாது? அங்கிருந்து வந்ததுதானே! வயதைக் கணித்த நான் ஒரு நாளாவது இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று யோசித்தேனா? குதித்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

வேறு யாருக்கும் தெரியாது. ரவேலோ ஊரில் உரலில்தான் இடிப்பார்களாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். மதாம் சுப்பயாவுக்கு எங்கள் வாதம் தெரியாது. படகு சனிக்கிழமையே வந்துவிடும் என்று தகவல், புயல் ஒன்று உருவாகிறதாம்.

மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பாறை முனையில் நின்றால் கீழே ஆழம். நிறைய நேரம் நின்றேன். கை வலித்தது.

மீன் வாங்கவில்லை. பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்தேன். "ஏன், மீன் இல்லியா?" என்றார் இவர். "நல்லதா இல்லீங்க."

"பச்சை கலர் எந்தப் பச்சை செண்பா? இலைப் பச்சையா, கிளிப் பச்சையா?"

எனக்குத் தெரியாது என்றேன். கிளிப் பச்சையாகத்தான் இருக்கும் என்று இவரே சொல்லிக்கொண்டார்.

மார்ச் 13, புதன்

ரவேலோ என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்தார்.

"மேடம், நான் புரொபசரோடு சேர்ந்து கையெழுத்துப் போடப் போகிறேன். பச்சை."

"தாய்ப்பாறை கிடைக்கவில்லையே?"

"கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால்..." சுவரைப் பார்த்துச் சொன்னார். "என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. புரொபசர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டாம்."

நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பிச்சையா? ஊரே கேலி செய்தபோதும் இவர் யாரிடமும் போய்க் கெஞ்சியதில்லை. கேலியை வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லைத்தான் நீட்டினார். அந்த மனிதனுக்குப் போனால் போகட்டும் என்று ஒரு கண்டத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்களா?

"என் புருஷனுக்கு உங்க இரக்கம் வேண்டாம் சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நேற்றுக் கடற்கரையில் நான் செய்யப் போனதும் அதே இரக்கம்தான். எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம், அவர் அதை மரியாதையாகச் சொல்லிவிட்டுச் செய்கிறார்.

மார்ச் 14, வியாழன்

இவர் காலையில் தெளிவாக இருப்பார். காபி கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கல்லைத் துவாலையிலிருந்து பிரித்தெடுத்துத் தரையில் வைத்தேன், கொத்திய முகம் மேலே தெரிய. இவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எப்படிச் சொல்வது என்று ராத்திரியெல்லாம் தயார் செய்த வார்த்தைகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வலது காலை அதன்மேல் வைத்தேன்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கீழே இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, என் கால் பெருவிரலைப் பிடித்தார். கல்யாணத்தன்று மேளச் சத்தத்துக்கு நடுவில் இதே மாதிரி என் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்தவர், மெட்டி போடுவதை விட்டுவிட்டு, குனிந்தபடியே என் காதுக்கு மட்டும் எட்டும்படி இரண்டு வார்த்தை சொன்னார். யாரடா இந்தப் பைத்தியம் என்று அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பு போட்டோவில் இன்னும் இருக்கிறது.

இன்றும் அதையே சொன்னார்.

"சார்னோகைட்டு. பல்லாவரம்."

இவர் விரல் உளிக் குழிகளின் மேல் போயிற்று. ஒவ்வொன்றாகத் தடவினார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். நான் காலை எடுத்துக்கொண்டு, கல்லை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். பார்த்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்கிற ஆள் இல்லை என் கணவர்.

"யாரு சுமந்துட்டு வந்தா?"

"லயன்ல இருந்தவங்க. பொம்பளைங்க."

"இவ்ளோ தூரமா?" தலையை ஆட்டிக்கொண்டார். "கல்லு இந்தியாதான் செண்பா. தீவு இல்ல." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கே மாறியது என்று தெரியவில்லை, கண்ணிலிருந்து கொட்டியது. நான் தரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன்.

"எனக்கு எல்லாம் மறந்து மறந்து போகுதுல்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ரொம்ப நாளாவா?"

"கொஞ்ச நாளாத்தான்."

எழுதிவிட்டேன். இதை எழுதாமலிருக்கத்தான் இத்தனை பக்கம் எழுதினேன் போலிருக்கிறது.

பிறகு முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்து, "பேப்பர் குடு. இது நல்லா இருக்கறப்பவே எழுதிடறேன்" என்று தலையைத் தட்டிக் காட்டினார். கையாலேயே எழுதினார். பள்ளத்தில் கிடக்கும் கற்கள் மனிதர்கள் கொண்டுவந்த அம்மிகள் என்றும், தன்னுடைய பழைய கல்லும் அவற்றில் ஒன்றே என்றும், இத்தீவில் எந்தக் கண்டத்தின் பாறையும் இல்லை என்றும். நிறம்: வெள்ளை.

ரவேலோவைக் கூப்பிட்டுக் கல்லைக் காட்டினோம். அம்மி என்றால் என்ன என்பதை இவரே தரையில் உட்கார்ந்து அரைத்துக் காட்டி விளக்கினார், தப்புத் தப்பாக. ரவேலோ உளிக் குழிகளைத் தானும் தடவிப் பார்த்தார். வெள்ளை என்றால் பழுப்பும் போயிற்று. "ஆப்பிரிக்காவிலிருந்து இதுவரை நீளும் கடலடி முகடு ஒன்றுதான் என் ஆதாரம். தரையில் என்னிடமும் ஒரு கல் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கி, இவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். என்னிடம் "மன்னிக்கவும்" என்றார். நானும் சொன்னேன்.

கல்லை மதாம் சுப்பயாவிடம் கொடுத்தோம். ஒன்றும் கேட்காமல் கழுவி, தன் கறிக்கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

மார்ச் 15, வெள்ளி

நாளைக்குப் படகு. பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், இவர் தொப்பி, பூட்ஸ், சுத்தியல் எல்லாவற்றோடும் தயாராக நிற்கிறார். பூட்ஸ் இரண்டும் சரியாகவே இருந்தன. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கிளம்பு செண்பா. எனக்கென்னவோ அந்தப் பாறை இன்னிக்கு மாட்டிடும்னு தோணுது."

கையில் இருந்த புடவையை மடித்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன். கையெழுத்துப் போட்ட தாள் என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டலாம். காட்டினால் நேற்று அழுததை இன்றைக்கும் புதிதாக அழ வேண்டும், நாளைக்கும், அதற்கு மறுநாளும். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லியாயிற்று. இவரும் எழுத வேண்டியதை எழுதிவிட்டார். அதற்கு மேல் யாருக்கும் நாங்கள் கடன்படவில்லை.

"இருங்க, சாக்ஸ் மாட்டிக்கறேன்" என்றேன்.

ஒருவழியாகக் காய்ந்திருந்தது. வாசலில் ரவேலோ எங்களைப் பார்த்து, "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்றார். இவர் கையை நீட்டி, "வணக்கம். நான் தாயுமானவன், மெட்ராஸ்" என்றார். ரவேலோ கையைப் பிடித்துக் குலுக்கித் தன் பெயரைச் சொன்னார், முதல் தடவை சொல்வது போலவே.

மேற்கு ஓடை வரை நடந்தோம். இவர் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, கருங்கல்லைத் தவிர ஒன்றும் இல்லாத அந்தப் பள்ளத்தைச் சுத்தியலால் காட்டினார்.

"இங்கதான் செண்பா. நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆமாங்க" என்றேன். "இங்கதான்."